ஒன்பதாவது படகு

எங்கள் வீட்டுக்காரர் மூன்று வருஷத்தில் இருபத்திரண்டு படகுகளைக் கழித்துக் கட்டினார். சும்மா வாயால் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அறுபத்து மூன்று கேள்விகள் கொண்ட படிவம், பதில்கள், கீழே கையெழுத்து, தேதி. அத்தனையும் துளை போட்டுக் கோத்து ஒரு கோப்பில் இருக்கிறது. படகு மட்டும்தான் இல்லை.

அவர் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக முப்பத்தோரு வருஷம் இருந்தவர். சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டிப் பார்த்து, வருகிற சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அவர் சரி என்றால் சரி. இல்லை என்றால் முதலாளியே வந்து நின்றாலும் இல்லைதான். வெளியில் பார்த்தால் வாயில் விரல் வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். நானும் முப்பத்தைந்து வருஷமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் வரைபட அலுவலகத்தில் இருந்தேன். நில அளவையாளர்கள் களத்தில் அளந்து எழுதிக்கொண்டு வருவதை மையில் வரைவது என் வேலை. ஆறு எப்போதும் என் மேசைக்குத்தான் வரும். நீலக் கோடு எனக்குக் கை நடுங்காமல் வரும் என்பதால் இருபத்தெட்டு வருஷமும் அந்த ஆற்றை என் தலையில் கட்டினார்கள். பதினான்கு தாள்கள், மலையடிவாரத்திலிருந்து கடல்வரை. நாலு திருத்தப் பதிப்புகளுக்கு நாலு தடவை வரைந்தேன். எந்த வளைவில் மணல்திட்டு, எந்த இடத்தில் கிளை பிரியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நேரில் பார்த்தது ரயில் பாலத்தின்மேல் போகும்போது, அரை நிமிஷம்.

ஓய்வு பெற்ற வருஷம் கதவு விளிம்புகளில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தேன். தோளில் எப்போதும் ரத்தம் கட்டிய ஒரு நீலம். கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு, எனக்குப் பக்கவாட்டுப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றாள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மூடிக்கொண்டு வருமாம். மருந்து அதை நிறுத்தாது, கொஞ்சம் மெதுவாக்கும்.

"ரெண்டு வருஷம் தாராளமா இருக்கும்மா. அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது. ஏதாவது பார்க்கணும்னு ஆசை இருந்தா, தள்ளிப் போடாம பார்த்துடுங்க."

யோசிக்கவே இல்லை நான். ஆற்றைப் பார்க்கணும் என்றேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, தண்ணீரிலேயே போய், நான் வரைந்தது அத்தனையையும் பார்க்கணும். டாக்டரம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போலாம். நல்ல படகா நானே பார்க்கிறேன்" என்றார்.

அந்த வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

அடுத்த ஒரு மாதம் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. பதினான்கு தாள்களையும் விரித்துவைத்துத் திட்டம் போட்டேன். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர். நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போனால் முப்பத்தெட்டு நாள், ஓய்வுக்கும் மழைக்கும் ஒரு வாரம். வழியில் இருபத்தாறு நீர்ப்பூட்டுகள். படகைத் தொட்டிமாதிரி ஓர் இடத்துக்குள் விட்டுக் கதவை அடைத்து, தண்ணீரை வடித்துக் கீழ்மட்டத்துக்கு இறக்குவார்களே, அது. ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குத் திறக்கும், எங்கே டீசல் கிடைக்கும், எங்கே குடிதண்ணீர் பிடிக்கலாம், எந்தத் துறையில் இரவு கட்டலாம் என்று எல்லாம் எழுதினேன்.

படகு எப்படி இருக்கணும் என்பதையும் ஆறே சொல்லிவிட்டது. ஒன்பதாம் தாளில் ஒரு பழைய ரயில் பாலம், தண்ணீருக்கு மேல் இரண்டரை மீட்டர்தான் இடம் தரும். அதனால் உயரமான அறை உதவாது. பதினோராம் தாள் முழுக்க மணல்திட்டு, எனவே படகின் அடி அரை மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. இரண்டு கிழங்கள் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும், ஆகவே எட்டு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு கழிப்பறை, ஒரே எஞ்சின்.

"மரம் வேணாம். வருஷத்துக்கு வருஷம் பூசிக்கிட்டே இருக்கணும்" என்றார் அவர்.

"ஃபைபர்?"

"மணல்ல ஏறினா பொளந்துக்கும். இரும்புன்னா நெளியும், அவ்வளவுதான். நெளிஞ்சதைத் தட்டி எடுத்துடலாம்."

"அப்ப இரும்பு."

"இரும்புதான்" என்று சொல்லி என் தாளின் ஓரத்தில் அவரே எழுதினார். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் எனக்கு இருந்ததில்லை. சுக்கான் பிடிப்பது நான், எஞ்சின் அவர் பொறுப்பு என்று பேச்சு. அந்த வருஷமே படகு ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு எழுதினேன். எழுத்துத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. கண் சோதனையில் மயிரிழையில் தப்பினேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் ஆற்றங்கரையில் ஒரு படகுத் துறை. அங்கே தகரக் கொட்டகையில் ஒரு தரகர். விற்பனைக்கு வரும் படகை எல்லாம் வரிசையாகக் கட்டிவைத்திருப்பார். இவர் சுத்தியலும் படிவமுமாகப் படகுக்குள் இறங்குவார். நான் கொட்டகை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஏனென்றால் கரையிலிருந்து படகுக்குப் போட்ட நடைப்பலகை வழுக்கும்.

"உனக்குப் பக்கம் தெரியாது. விழுந்து வைக்காதே. நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

முதல் படகில் அடித்தகடு தேய்ந்திருந்தது. இரண்டாவதில் எஞ்சின் கரும்புகை கக்கியது. நாலாவதன் அறை ஒரு சாண் அதிக உயரம். ஏழாவதில் நாற்றம் என்று எழுதியிருந்தார். நாற்றம் என்றால் கழுவிக்கொள்ளலாமே என்று கேட்டதற்கு, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத நாற்றம்தான் ஆபத்து என்று அரை மணி நேரம் விளக்கினார்.

ஒன்பதாவது படகைப் பெஞ்சிலிருந்தே எனக்குப் பிடித்துவிட்டது. தாழ்வான வெள்ளை அறை, இரண்டு பக்கமும் நீள ஜன்னல், முன்தளத்தில் ஒரு நாற்காலி போட இடம். அந்த நாற்காலியில் என்னை உட்கார்த்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து இவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"அடியில துரு. ஆணியை வச்சு அழுத்தினா உள்ள போகுது. நடு ஆத்துல விட்டுடும்."

பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. அவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

நான் ஏன் ஒரு தடவைகூடப் பலகையைத் தாண்டிப் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. களக்குறிப்பில் என்ன இருக்கிறதோ அதை வரை, உனக்குத் தோன்றுவதை வரையாதே. கையெழுத்துப் போட்ட குறிப்பு வந்துவிட்டால் அதுதான் வேதம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை, இந்த இடத்தில் ஆறு இப்படித் திரும்புமா என்று கேட்டுவிட்டேன். மேலதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அவர் நேர்ல பார்த்துட்டு எழுதியிருக்காரு. நீங்க பார்த்தீங்களா?" என்றார். அன்றோடு அந்தக் கேள்வியை விட்டேன். இருபத்தெட்டு வருஷம் பிறர் பார்த்ததை நம்பியே கோடு போட்டவளுக்கு, கட்டிய புருஷனின் படிவத்தைச் சந்தேகிக்கத் தோன்றுமா? கையெழுத்து வேறு முத்து முத்தாக இருக்கும்.

இரண்டாம் வருஷம் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது கண் சோதனையில் என்னைத் தள்ளிவிட்டார்கள். இனி நான் சுக்கான் பிடிக்க முடியாது. வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தவரிடம் சொன்னேன். "பரவால்ல, ஆள் போட்டுக்கலாம்" என்றார் உடனே. அவ்வளவு சட்டென்று சொன்னாரே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்கணும். உறைக்கவில்லை.

பதினைந்தாவது, பதினெட்டாவது என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பொறுமை கெட்டுக் கேட்டேன்.

"உங்க கண்ணுல நல்ல படகே படாதா?"

"ஆழம் தெரியாம காலை விடக்கூடாது."

"மூணு வருஷமா ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்கறீங்களே. குத்தம் பார்த்தா சுத்தம் இல்லைம்பாங்க. உங்ககிட்ட படகும் இல்லை."

அவர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்றாம் வருஷக் கடைசியில் டாக்டரம்மா என் பார்வையின் படத்தைக் காட்டினாள். காகிதம் முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு நாணயம் அளவுக்கு வெள்ளை.

"ஆத்தைப் பார்த்துட்டு வந்துட்டீங்களா?"

"இன்னும் படகு அமையலை டாக்டர்."

அவள் படத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். "இனிமே வருஷக் கணக்கெல்லாம் இல்லம்மா. மாசக் கணக்குதான்" என்றாள்.

மறுநாள் காலை கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன். துருவோ புகையோ நாற்றமோ, மிதக்கிற ஒன்றைப் பேசி முடித்துவிடுவது என்ற முடிவு. இறங்கி, வேலிக் கம்பியைத் தடவிக்கொண்டே தரகரின் கொட்டகைக்குப் போனேன். அவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கம்மா வாங்க. அதிசயமா இருக்கே. பயமெல்லாம் தெளிஞ்சுடுச்சா?"

"என்ன பயம்?"

"உங்களுக்குத் தண்ணின்னாலே ஆகாதாமே. சார் பாவம்மா. ஒவ்வொரு படகையும் பார்த்துட்டு, பிரமாதமா இருக்குய்யா, ஆனா வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லிட்டுப் போவாரு. நீங்க பெஞ்சை விட்டு எழுந்திருக்காததைப் பார்த்து நானும் அப்படித்தான் நினைச்சேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"வெள்ளை அறை வச்ச ஒரு படகு இருந்துச்சே. ஒன்பதாவதா பார்த்தது. அதுல அடியில துருதானே?"

"துருவா? யாரும்மா சொன்னது? தங்கமான படகு." மனிதர் அலமாரியைக் குடைந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். "இதோ பாருங்க, சார் கைப்பட எழுதிக் கொடுத்தது. இதைக் காட்டித்தான் ஒரு வாத்தியாருக்கும் அவர் சம்சாரத்துக்கும் வித்தேன். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு சாரே சொன்னாரு. ரெண்டு தடவை கடல் வரைக்கும் போயிட்டு வந்துட்டாங்க. சார் ஓ.கே. பண்ணின படகு இங்க ஒரு வாரம் தாங்காது."

காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்து, எனக்கு இருக்கிற அந்த நாணயம் அளவுப் பார்வையை வரிவரியாக நகர்த்திப் படித்தேன். அறுபத்து மூன்று கேள்விகள், அறுபத்து மூன்றுக்கும் 'சரி'. அடித்தகடு, 'மிக நன்று'. கீழே முத்து முத்தாகக் கையெழுத்து. நான் பஸ்ஸில் அழுத அதே தேதி. அந்தக் கட்டில் இதேபோல இன்னும் பத்து இருந்தன.

காகிதத்தைக் கடன் கேட்டு வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்னென்ன கேட்கலாம் என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கோப்பிலிருந்து என் ஒன்பதாம் படிவத்தை எடுத்து, அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அடுக்கியது அத்தனையும் மறந்துவிட்டது.

"இதுல எது நிஜம்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் இரண்டையும் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் மூன்று வருஷம் இருந்தது, அந்த நிமிஷத்தில் இல்லை. இஸ்திரிப் பெட்டியின் செருகியைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தண்ணின்னா பயம். சின்ன வயசுலேர்ந்து. கரையில நின்னாலே கால் நடுங்கும். ஒவ்வொரு தடவை அந்தப் பலகையில ஏறி இறங்கறதுக்குள்ள உயிர் போய் உயிர் வரும்."

"அதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ ஆளை வச்சுக்கிட்டு நான் இல்லாமப் போயிருப்பே."

"போயிருப்பேன்தான்."

"நாப்பத்தஞ்சு நாள். உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? நான் இங்க உக்காந்து என்ன பண்ணுவேன்?"

"அதுக்காக மூணு வருஷமா? டாக்டர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க. ரெண்டு வருஷம்னு சொன்னப்ப பக்கத்துலதானே இருந்தீங்க."

நான் விடவில்லை. எத்தனை நாள் இப்படி ஓட்டுவதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். இருபத்து மூன்றாவது படகு, இருபத்து நாலாவது, முப்பதாவது? அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கண்ணு போயிடுச்சுன்னா நீயே வேணாம்னுடுவேன்னு நினைச்சேன்."

நான் கத்தவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அடித்ததில்லை, வைததில்லை. உட்கார்ந்து நாளை எண்ணியிருக்கிறார். நான் குருடாகிற நாளை எதிர்பார்த்துப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். எந்த எதிரியும் ஒருத்திக்கு இப்படிச் செய்யமாட்டான்.

தரகரிடம் அப்போது ஒரு இரும்புப் படகு இருந்தது. சாயம் போனது, ஜன்னல் சின்னது, ஆனால் உயரமும் ஆழமும் என் கணக்குக்குச் சரி. இவரை அனுப்பினேன்.

"தரகருக்கு எழுதிக் கொடுக்கிற காகிதத்தையே எனக்கும் எழுதிக் கொடுங்க" என்றேன். போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தார். கயிறு பழசு, மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் சரி. வாங்கினேன். சரக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரைச் சுக்கான் பிடிக்க ஏற்பாடு செய்தேன். அதிகம் பேசாத மனிதர், அக்கா என்று கூப்பிடுவார்.

கிளம்புகிற அன்று வீட்டுக்காரர் துறைவரைக்கும் வந்தார். மருந்துகளை வேளைவாரியாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தார். நானும் வரட்டுமா என்று கேட்டார். வாங்க என்றேன். நடைப்பலகையில் ஒரு கால் வைத்து எடுத்துவிட்டாராம், படகு நகர்ந்தபோது கரையிலிருந்து கை காட்டினாராம். சுக்கான்காரர் சொல்லித்தான் தெரியும். எந்தப் பக்கம் நின்றார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆற்றைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். முன்தளத்தில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பி, சல்லடையில் ஒரு கண் வழியாகப் பார்க்கிறவள்போல ஒரு மரம், ஒரு படித்துறை, துணி துவைக்கிற ஒருத்தியின் கை என்று பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தேன். கரை தெரிந்தால் தண்ணீர் தெரியாது, தண்ணீர் தெரிந்தால் கரை தெரியாது. பறவைக் கூட்டம் என்று சுக்கான்காரர் கை நீட்டுவார். நான் கழுத்தைத் திருப்புவதற்குள் அது போயிருக்கும். இரண்டு நாள் கழித்து அவர் சொல்வதை நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டாம் தாளுக்கு மேல் ஆறு அகலம். வலது கரையைத் தேடினேன், தண்ணீர். இடது கரையைத் தேடினேன், தண்ணீர். எந்த வளைவில் இருக்கிறோம் என்று முதலில் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன், பிறகு அவர் எனக்குச் சொன்னார். இப்படி எட்டு நாள். நாற்பத்து மூன்றாம் நாள் சாயங்காலம் எஞ்சின் சத்தம் தணிந்தது.

"திருப்பட்டுமா அக்கா? இதுக்கு மேல இந்தப் படகு தாங்காது."

"ஏன்? கடல் இன்னும் எவ்வளவு தூரம்?"

அவர் சுக்கானை விட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடல்லதான்க்கா இருக்கோம். காலையிலேயே வந்துட்டோம். நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்களே, அதான் நான் எதுவும் சொல்லலை."

எதிரே தண்ணீர் இருந்தது. நேற்றும் அதே தண்ணீர்தான் இருந்தது. திருப்புங்க என்றேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால், கடல் வந்துவிட்டது என்று நான் அவருக்குச் சொல்லியிருப்பேன்.